அகரவரிசையில் முதல் ஊர்

மேனகா கொடைக்கானல் மலைக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் நான்கு மாதம் கிடந்த குடும்பத்தை, ஒரு குத்தகைக்காரர் வாட்டில் மரம் வெட்டும் கூப்புக்காட்டுக்கு லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் வருடம் வெட்டிய மரம் தப்பான பக்கம் சாய்ந்து அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா நாயுடுபுரத்தில் ஒரு விடுதியில் போர்வைகளும் விரிப்புகளும் துவைத்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். தம்பி திருப்பூருக்குப் போய் அங்கேயே குடும்பமானான். மேனகா தட்டச்சு படித்து, பிறகு கணினியும் பழகி, மூஞ்சிக்கல்லில் ஒரு கடையில் மனு அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கவாதத்தில் படுத்தவள் பதினோரு வருடம் எழுந்திருக்கவில்லை. அந்தப் பதினோரு வருடத்தில் மேனகாவைப் பெண் கேட்டு வந்தவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

முப்பத்தாறாம் வயதில் அவளுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மலையிலும் அடிவாரத்திலும் பதிவாகும் போதைப்பொருள் வழக்குகளின் மாதக் கணக்கைத் தொகுத்து மேலே அனுப்பும் சின்ன அலுவலகம் அது. நிலையங்களிலிருந்து தாளாக வருவதை மேனகா கணினியில் ஏற்ற வேண்டும். யாரைப் பிடித்தார்கள், எங்கே பிடித்தார்கள், எத்தனை கிராம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அவளுடைய மேசை பழைய கோப்புகள் அடுக்கிய அறையின் ஜன்னலோரம் இருந்தது. மதியம் மற்றவர்கள் முன்னறையில் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒப்பந்தக்காரி என்பதால் அவளை யாரும் ஒதுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அவள் டிபன் பாக்ஸை மேசையிலேயே திறந்து, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களை மஞ்சு மூடுவதையும் விடுவதையும் பார்த்தபடி சாப்பிட்டு முடிப்பாள்.

இரண்டாயிரத்துப் பதினாறில் மேலிடத்திலிருந்து புதுப் படிவம் வந்தது. அதில் ஒன்பதாவது கட்டம் புதிது: 'பொருள் உற்பத்தியான இடம்.' காலியாக விட்டால் சிவப்பு எழுத்து மின்னும். அடுத்த கட்டத்துக்கு விடாது. அம்புக்குறியைத் தட்டினால் ஊர்ப் பட்டியல் ஒன்று கீழே இறங்கும். பட்டியலின் அடியில் 'வெளி மாநிலம்' என்று இருந்தது. ஆனால் அதைத் தொட்டால் எந்த மாநிலம், எந்த மாவட்டம், ஆதாரம் என்ன என்று இன்னும் மூன்று கட்டங்கள் திறந்துகொண்டன. 'தெரியவில்லை' என்று ஒன்று பட்டியலில் இல்லவே இல்லை.

நிலையங்களிலிருந்து வந்த தாள்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு கோடுதான் கிழித்திருந்தது. தாள் கொண்டுவரும் ஏட்டு பழனிக்குமாரிடம் அவள் கேட்டாள்.

"தம்பி, இது எங்க வெளஞ்சதுன்னு எழுதாமலே விட்டுருக்கீங்களே?"

பழனிக்குமார் சிரித்துவிட்டார். "யாருக்குக்கா தெரியும்? புடிபட்டவனைக் கேட்டா பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் குடுத்தான்ம்பான். அந்த ஒருத்தன் யாருன்னா, தொப்பி போட்டிருந்தான்ம்பான். சில பேரு கொடைக்கானல்னு சொல்லுவாங்க, அப்படிச் சொன்னா கிராக்கியாம். செடியைப் பார்த்தா ஊரு தெரியுமா? எல்லாம் காஞ்ச எலையாத்தான கெடக்கு."

அப்போதிருந்த அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னார். "ஏதாவது ஒரு ஊரைப் போட்டு அனுப்புங்கம்மா. அஞ்சு மணிக்குள்ள மேல போகணும்."

அவள் திரும்பிவந்து அம்புக்குறியைத் தட்டினாள். பட்டியல் இறங்கியது. அகரவரிசைப்படி முதலில் நின்றது அக்கரைக்கானல். அதைத் தொட்டாள். சிவப்பு எழுத்து மறைந்தது. படிவம் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. கோடு கிழித்திருந்த மற்ற வரிகளுக்கும் அதையே போட்டாள். மணி நாலே முக்கால்.

அடுத்த மாதமும் அப்படித்தான் நடந்தது. அதற்கடுத்த மாதம் யோசிக்கவும் இல்லை. அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்திருந்த காலம் அது. மதியம் ஓடிப்போய்த் துடைத்துவிட்டு வருவாள். மனம் பாதி அங்கேயே கிடக்கும். அக்கரைக்கானல் என்பது அவளுக்கு ஊராகவே தோன்றவில்லை. விரல் தானாகப் போய்த் தொடுகிற ஓர் இடம், அவ்வளவுதான். இப்படி ஆறு வருடம் போனது. அம்மாவும் ஒரு மார்கழி விடியலில் போய்விட்டாள். தம்பி வந்து கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், "நீயும் அங்கிட்டு வந்துரேன்க்கா" என்றான். எந்த நாள் என்று சொல்லவில்லை. பஸ் ஏறிப் போனான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டின் கடைசியில் ஓர் அறிக்கை அச்சாகி வந்தது. மலைப் பகுதிகளில் கஞ்சா எங்கெங்கே விளைகிறது என்று அதில் ஓர் அட்டவணை இருந்தது. இந்த மலையின் பெயருக்கு நேரே, முதலிடத்தில் அக்கரைக்கானல் நின்றது. ஆறு வருடத்தில் பிடிபட்டதில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே ஊரில் விளைந்தது என்றது அட்டவணை. இரண்டு நாளில் நாளிதழ்களில் வந்துவிட்டது. ஒரு பத்திரிகை படமும் போட்டிருந்தது. வேறெங்கோ எடுத்த வயல் படம்.

மேனகா அதை டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து படித்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது வலது கை ஆள்காட்டி விரல் குளிர்ந்துபோனது போலிருந்தது. டீயை வைத்துவிட்டு எழுந்தாள்.

பொங்கல் கழிந்ததும் மூன்று ஜீப்பில் போலீஸார் அக்கரைக்கானலுக்குப் போனார்கள். அவர்கள் போனதும் வந்ததும் அலுவலகத்தில் பேச்சாக அடிபட்டது. கஞ்சா கிடைக்கவில்லை. ஒரு வீட்டின் பின்னால் பாத்தி கட்டி வளர்த்திருந்த நாற்றுகளைப் பிடுங்கிவந்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஞானமுத்துவையும் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள், அது செண்டுமல்லி நாற்று என்று தெரிந்து, மனிதரை அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஞானமுத்துவின் மனைவி ஜோசப்பின் ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள். கையில் மனுவும் நாலாக மடித்த பத்திரிகையும் இருந்தன. அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்ததால் முன்னறையில் இருந்தவர்கள் அவளை உள்ளே கைகாட்டிவிட்டார்கள்.

"உக்காருங்க" என்றாள் மேனகா.

ஜோசப்பின் உட்காரவில்லை. "மேடம், வெள்ளனே கெளம்புனேன். மனுவைக் குடுத்துட்டு வெரசாப் போகணும், ஜீப்பு விட்டா நடைதான். எங்க ஊரு பேரு எதுல வந்திருக்குன்னு காட்டுங்களேன். பேப்பர்காரன் எழுதுனதா, கவர்மெண்டு எழுதுனதா?"

மேனகா அறிக்கையை எடுத்துப் பக்கத்தைக் காட்டினாள். ஜோசப்பின் குனிந்து, தன் ஊரின் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"செக்போஸ்ட்டுல எங்க மூட்டையை மட்டும் பிரிக்கிறாங்க மேடம். பீன்ஸை ரோட்டுல கொட்டி, கிண்டிப் பார்த்துட்டு, அள்ளிக்கங்கன்னு போயிடுறாங்க. வெயில்ல வாடுன பீன்ஸை எந்த மண்டியில எடுப்பான்? பட்டர்புரூட்டு எடுக்க வந்த யாவாரி இந்த வருசம் வரவே இல்ல. என் மக பெர்லினு திண்டுக்கல்லுல நர்சிங் படிக்கிறா. லீவுக்கு வந்துட்டுப் போனா, வார்டன் எல்லாப் பிள்ளைக முன்னாடியும் அவ பையைத் தரையில கவுத்துறாங்களாம். உள்ளாடை வரைக்கும்." கையிலிருந்த பத்திரிகையை இன்னொரு மடிப்பு மடித்தாள். பிறகு கேட்டாள்: "இதை எழுதுனவுக எங்க ஊருக்கு எப்ப வந்து பார்த்தாகன்னு மட்டும் சொல்லுங்களேன். நாங்க யாரும் பார்க்கலயே."

மேனகா அறிக்கையை மூடினாள். "மனுவைக் கொடுங்க, நான் சேர்த்துடுறேன்" என்று மட்டும் சொன்னாள். ஜோசப்பின் கும்பிட்டுவிட்டு வெளியேறினாள். மஞ்சுக்குள் அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு தெரியவில்லை.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரங்களில் மேனகா பழைய தாள்களை எடுக்க ஆரம்பித்தாள். அவை அவள் முதுகுக்குப் பின்னாலேயே, மாதவாரியாகக் கயிறு கட்டிக் கிடந்தன. ஒவ்வொரு தாளையும் கணினி வரியோடு ஒப்பிட்டாள். ஐந்து வாரம் பிடித்தது. ஆறு வருடத்தில் ஏற்றிய வரிகள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் அக்கரைக்கானல் என்று இருந்தவை இருநூற்று எழுபத்தேழு. அந்த இருநூற்று எழுபத்தேழில், நிலையத்துத் தாளிலேயே அந்த ஊரின் பெயர் எழுதியிருந்தது ஒன்றே ஒன்று. அதையும் திரும்பப் படித்தாள். பிடிபட்டவனின் மாமனார் ஊர் அக்கரைக்கானல் என்றுதான் அதில் எழுதியிருந்தது. சரக்கைப் பற்றி அந்தத் தாளிலும் கோடுதான்.

மீதி நூற்று முப்பத்தைந்து வரிகளும் நம்பும்படியாக இல்லை. பிடித்த இடத்தையே விளைந்த இடமாக எழுதியிருந்தார்கள். இல்லையென்றால், பிடிபட்டவன் வாயில் வந்ததை எழுதியிருந்தார்கள். ஒருவன் ஒரு மாதம் ஓர் ஊரையும், மறுபடி பிடிபட்டபோது வேறோர் ஊரையும் சொல்லியிருந்தான். இரண்டும் அட்டவணைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன. அடுக்கை மூடிவைத்துவிட்டு அவள் அதன்மேல் கையை ஊன்றி நின்றாள். இத்தனை வருடமும் இந்த அறையில் இதை அறிந்தவள் தான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்லலாம் என்றால் வீட்டில் அம்மாவின் கட்டில் மட்டும் இருந்தது. தம்பிக்கு போன் போட்டாள். அவன் பனியன் கம்பெனி இரைச்சலுக்குள் நின்றுகொண்டு, "என்னக்கா, ஏதும் சோலியா? ராத்திரி பேசவா?" என்றான். ராத்திரி பேசவில்லை.

இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் அடித்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். கோடு கிழித்த வரிகளுக்குப் பட்டியலின் முதல் பெயரைப் போட்டது தானே என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இப்போதைய அதிகாரி மனோஜ்குமார் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சத்தம் போடாத மனிதர். கடிதத்தை முழுவதும் படித்தார். எண்களைத் தன் பேனாவால் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இதை வேற யாருக்கிட்டயாவது காட்டுனீங்களாம்மா?"

"இல்ல சார்."

"உங்களை யாரும் கேட்கலையே. எதுக்கு எழுதுறீங்க?"

"அந்த ஊர்ல ஒண்ணும் வெளையல சார். நான்தான் போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மேல போன கணக்கு கீழ திரும்பாதும்மா. அந்த அறிக்கை மூணு எடத்துக்குப் போயாச்சு. அதை வச்சு ஜீப்பு கேட்டிருக்காங்க, ஆள் கேட்டிருக்காங்க. இப்ப நான் போய், 'ஐயா, அது பட்டியல்ல முதல்ல இருந்த பேரு'ன்னு சொல்ல முடியுமா?"

"நான் சொல்றேன் சார்."

"நீங்க சொன்னா நீங்க மட்டுமா மாட்டுவீங்க?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "ஒண்ணு செய்றேன். படிவத்துல 'தெரியவில்லை'ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதுறேன். இனிமே அதைப் போடுங்க. ஆனா இந்தக் கடிதம் இங்கேயே இருக்கட்டும்."

அவர் சொன்னபடி செய்தார். இரண்டு மாதத்தில் பட்டியலில் 'தெரியவில்லை' வந்தது. அதை முதன்முதலாகத் தொட்ட அன்று மேனகா வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ பிளம்ஸ் வாங்கினாள். அவளுக்கு நல்ல நாள் என்றால் அவ்வளவுதான். அந்த வருடத்தில் அதற்கு முன்பே ஏற்றிய வரிகளையும் திருத்தினாள். அந்த வருடக் கணக்கில் ஒரு வரியிலும் அக்கரைக்கானல் இல்லை. பத்தில் ஏழு வரிகளில் தெரியவில்லை என்றே போட்டாள். அதுதான் உண்மை என்பதால் விரலுக்கும் இதமாக இருந்தது.

அடுத்த வருட அறிக்கை வந்தபோது அவளே ஓடிப்போய் வாங்கினாள். பக்கத்தைத் திருப்பினாள். அக்கரைக்கானலுக்கு நேரே முந்தைய வருடம் ஐம்பத்தெட்டு, இந்த வருடம் சுழியம். நிம்மதியாக மூச்சுவிட்டவள் கீழேயிருந்த பத்தியைப் படித்தாள். தீவிர நடவடிக்கையின் பயனாக அக்கரைக்கானலில் கஞ்சாச் சாகுபடி அடியோடு ஒழிக்கப்பட்டது என்று இருந்தது. 'தெரியவில்லை' என்ற வரிகள் அட்டவணையில் எங்கும் இல்லை. பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், மூலம் கண்டறியப்படாதவை சேர்க்கப்படவில்லை என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

மனோஜ்குமாருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் அதை யாருக்கும் காட்டவில்லை, அலமாரிக்குள் வைத்துவிட்டார். மேனகாவைப் பார்க்கும்போது இரண்டு நாள் அவர் பார்வை வேறெங்கோ போனது.

பாராட்டோடு நிற்கவில்லை. 'கஞ்சா ஒழிந்த கிராமம்' என்று அக்கரைக்கானலில் ஒரு விழா நடத்த உத்தரவு வந்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட வேண்டும். தாள்களை அச்சடித்து, வீடுவீடாகக் கையெழுத்து வாங்கிவர அலுவலகத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. மேனகாவை அனுப்பினார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் காலை அவள் போனாள். ஜீப் ஓடை வரைக்கும்தான் போகும். மரப்பாலம் தாண்டி நாற்பது நிமிடம் ஏற்றம். ஆறு வருடமாகத் தன் விரலுக்கடியில் இருந்த ஊரை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள். இருபத்தேழு வீடுகள். தகரம் போட்ட அந்தோணியார் கோயில். வாசல்களில் காப்பிக்கொட்டை காய்ந்தது. மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே பீன்ஸ் பந்தல்கள், சரிவில் இரண்டு மாடுகள். ஒரு பெண் வாளியோடு போகிறவள் நின்று பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். போன பக்கமெல்லாம் அப்படித்தான். கதவுகள் மூடவில்லை, ஆனால் யாரும் "வாங்க" என்றும் சொல்லவில்லை.

கோயில் முற்றத்தில் ஊர்க்காரர்கள் கூடினார்கள். ஞானமுத்து கடைசியில் நின்றார். இரண்டு நாள் வைத்திருந்ததில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் பதிவு. ஆனால் தொப்பி வைத்த எவரைப் பார்த்தாலும் எழுந்து நின்றுவிடுகிறார் என்று பிறகு தெரிந்தது. ஜோசப்பின்தான் முன்னால் வந்து தாளை வாங்கினாள். உரக்க, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"'நாங்கள் இனிமேல் கஞ்சா பயிரிட மாட்டோம் என்று உறுதி அளிக்கிறோம்.'" நிறுத்தினாள். "இனிமேல்னா?"

ஜோசப்பின் தாளை மேனகாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இனிமே பயிரிட மாட்டோம்னு எழுதிக் குடுத்தா, இதுக்கு முந்தி பயிரிட்டோம்னுதான அர்த்தம்? நாளைக்கு என் மக கிட்ட, உங்க அம்மாவே கையெழுத்துப் போட்டுருக்காளேன்னு காட்டுவாங்கள்ல? நான் போட மாட்டேன் மேடம். என்னையும் ஜீப்புல ஏத்துறதுன்னா ஏத்துங்க."

மேனகா தாள்கட்டைக் கோயில் படியில் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் கூட அவள் நாலு பேர் முன்னால் பேசியதில்லை.

"அந்தக் கணக்கை எழுதினது நான்தான்" என்றாள்.

சிலருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். கோடு கிழித்த தாள்களையும், சிவப்பு எழுத்தையும், ஊர்ப் பட்டியலையும், அதிகாரியிடம் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் சொன்னாள். சுருக்கமாகச் சொல்லத் தெரியாமல், ஒவ்வொரு வருடமாகச் சொன்னாள்.

ஞானமுத்து மெதுவாக முன்னால் வந்தார். "நெசமாவா சொல்றீங்கம்மா? எங்க ஊரை ஏன் போட்டீங்க? இங்கிட்டு யாரு மேலயாவது கோவமா? யாராச்சும் போடச் சொன்னாங்களா?"

"இல்லங்க. உங்க ஊரு 'அ'வுல ஆரம்பிக்குது. பட்டியல்ல அதுதான் முதல்ல இருந்துச்சு."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ பழி தீர்த்தார்கள், யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்று ஒரு வருடமாக ஊருக்குள்ளேயே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு, இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்தியிருந்தன. அவர் திரும்பித் தன் மைத்துனன் வீட்டு ஆட்கள் நின்ற பக்கம் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். பிறகு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரநிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஜோசப்பின் மட்டும் அசையவில்லை. "அன்னைக்கு நான் வந்தப்ப அந்த மேசையில நீங்கதான இருந்தீங்க. அப்ப ஏன் சொல்லல?"

"வாய் வரல. சொல்ல ஏலாமப் போச்சு." அம்மாவோடு போய்விட்டதென்று அவள் நினைத்திருந்த 'ஏலாம' என்ற அந்தப் பழைய தோட்டத்துச் சொல், அவளை அறியாமல் வாயில் வந்தது.

"உங்களுக்கு வாய் வரல. எம் புள்ள அங்க ஒவ்வொரு லீவுக்கும் பையைக் கவுத்துக்கிட்டு நின்னுச்சு." ஜோசப்பின் தாளை நீட்டினாள். "இதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

மேனகா தாளை வாங்கினாள். படியில் உட்கார்ந்து, 'இனிமேல்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தாள். அதற்கு மேலே 'இதுவரை பயிரிட்டதில்லை, இனியும்' என்று எழுதினாள். அலுவலக வழக்கப்படி ஓரத்தில் திருத்தியவர் என்று தன் சுருக்கொப்பமும் தேதியும் இட்டாள். அடுத்த தாளை எடுத்தாள். மொத்தம் அறுபத்து மூன்று தாள்கள். முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாரும் உதவிக்கு வரவில்லை. யாரும் போகவும் இல்லை. கடைசித் தாள் முடிந்ததும் ஜோசப்பின் முதலில் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கைநாட்டு வைக்கிற ஒரு முதியவர், திருத்தியதை இரண்டு தடவை படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு வைத்தார்.

இறங்கும்போது அவளோடு யாரும் பாலம் வரை வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் விழா நடந்தது. பந்தல் போட்டார்கள், பேனர் கட்டினார்கள், பேசினார்கள். தாள்கட்டு மேடையில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் படம் பிடிக்கும்படி மாறியது. பிரித்துப் படித்தவர் யாரும் இல்லை. பத்து நாள் கழித்துத்தான் மேலிடத்தில் எவரோ ஒரு தாளைப் படித்தார். மனோஜ்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மேனகாவைக் கூப்பிட்டார்.

"அச்சடிச்ச தாள்ல கை வைக்கலாமாம்மா?"

"எழுதியிருந்தது தப்பு சார்."

அவர் கோபப்படவில்லை, களைத்துப்போனவர் போலிருந்தார். "அடுத்த வருசத்துக்கு உங்க ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி நான் எழுத முடியாது. இதை ஒரு குத்தமா எழுதவும் மாட்டேன். என்னால அவ்வளவுதான் முடியும்." பிறகு அலமாரியைத் திறந்து, அவளுடைய இரண்டு பக்கக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இது உங்களோடது. நான் இதுல முத்திரை போட்டு வாங்கிக்கிட்டதா குறிச்சிருக்கேன். பார்த்துக்கங்க."

தேதி பார்த்தாள். அவள் கொடுத்த அதே நாள். உண்மையாகவே அன்றைக்கே குறித்துவைத்திருந்தாரா, இன்று போட்டாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அந்தக் கடிதத்தின் நகலை மேலிடத்து முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது. வேறெதுவும் வரவில்லை.

மார்ச் முடிந்ததும் அலுவலகம் போவது நின்றது. பதின்மூன்று வருடம் இருந்த மேசையிலிருந்து எடுத்துவர ஒரு டிபன் பாக்ஸும் ஒரு குடையும்தான் இருந்தன. பழனிக்குமார் மட்டும் வாசல் வரை வந்து, "வாரேன்னு சொல்லிட்டுப் போங்கக்கா" என்றார். இப்போது அவள் மூஞ்சிக்கல்லில் பழைய கடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடிக்கிறாள். குளிர் காலத்தில் வாடிக்கை குறைவு. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே தனியாகச் சாப்பிடுகிறாள்.

போன ஆவணியில் ஒரு நாள், மழை விட்ட நேரத்தில், ஒரு பெண் வந்து கடைமுன் நின்றாள். இருபது வயது இருக்கும். தோளில் பை.

"மேனகா மேடமா? நான் பெர்லின். ஜோசப்பின் மக."

மேனகா எழுந்தாள். நாற்காலியைத் துடைத்து நகர்த்திப் போட்டாள். பெர்லின் உட்கார்ந்தாள்.

"வேற ஹாஸ்டலுக்கு மாறுறேன் மேடம். அங்கயும் ஊர் பேரைப் பார்த்துட்டுக் கேள்வி கேட்குறாங்க. நீங்க எழுதுன லெட்டர் இருக்குன்னு அப்பா சொன்னாரு. ஒரு காப்பி கிடைக்குமா? வார்டன் கிட்ட குடுக்கணும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

பெர்லின் பையின் வாரைத் திருகினாள். "அம்மா வேண்டாம்னாங்க. நான்தான் வந்தேன்."

மேனகா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். இரண்டு பக்கமும் வெளியே வந்தன. பெர்லின் எழுந்து வாங்கி, நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் வந்து நிறுத்தினாள்.

"இதுல உங்க பேரு, கையெழுத்து எல்லாம் இருக்கே. நான் காட்டினா உங்களுக்குப் பிரச்சனை வராதா?"

"இருக்கட்டும்மா. பேரு இருந்தாத்தான் நம்புவாங்க." கொஞ்சம் தயங்கி, "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"பஸ் வந்துரும் மேடம்."

அவள் தாளை நனையாமல் பைக்குள் வைத்து, வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். மேனகா கடை வாசலில் நின்று, பஸ் வளைவில் திரும்பும் வரை பார்த்தாள். அந்தத் தாளை அங்கே ஏற்றுக்கொண்டார்களா, பையைக் கவிழ்ப்பது நின்றதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பெர்லினுடைய எண்ணை வாங்கிவைத்துக்கொள்ள அந்த நேரத்தில் தோன்றவில்லை.